பன்னிரண்டாம் புத்தகமும் ஒரு பழைய பென்சில் குறிப்பும்

என் அக்காவும் நானும் ஒரு துப்பறியும் தொடரைப் பதினான்கு வருடங்களாகச் சேர்ந்து வாசித்து வருகிறோம். சேர்ந்து என்றால் ஒரே பிரதியை. முதலில் அவள் படிப்பாள், பிறகு நான். அவள் மூத்தவள் என்பதால் இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. கடைசி மூன்று அத்தியாயங்கள் மீதமிருக்கும்போது புத்தகத்தை மூடிவிட்டு, குற்றவாளி யார் என்று தோன்றுகிறதோ அந்தப் பெயரையும், எந்தப் பக்கத்தில் சந்தேகம் விழுந்தது என்பதையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்துப் பின்னட்டைக்குள் செருகிவிட்டுத்தான் மேற்கொண்டு படிக்க வேண்டும் என்பது எங்கள் விதி. இருவரும் முடித்த பிறகு இரண்டு சீட்டுகளையும் பிரிப்போம். பதினொரு புத்தகங்களில் அவள் ஏழு முறை சரியாகச் சொல்லியிருக்கிறாள். நான் மூன்று முறை, அதிலும் ஒன்று குருட்டாம்போக்கில்.

அந்தத் தொடரின் பன்னிரண்டாம் புத்தகம் வந்து சில மாதங்கள் ஆகின்றன. படித்தவர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். தொடரிலேயே இதுதான் உச்சம் என்கிறார்கள் ஒரு சாரார். இதைப் படித்த பிறகு முந்தைய பதினொன்றையும் கையில் எடுக்கவே மனம் வரவில்லை என்கிறார்கள் மற்றவர்கள். சுமார் என்று சொன்ன ஒருவரைக்கூட நான் இன்னும் சந்திக்கவில்லை. இந்தப் பிளவு எங்கள் இருவருக்கும் நடுவிலும் வந்து உட்கார்ந்துகொண்டது: எனக்குப் புத்தகம் பிடித்திருக்கிறது, அக்காவுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பது அவள் சொன்னதை நான் நாகரிகப்படுத்தி எழுதுவது.

தொடரின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. முடிச்சைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. பெயரையும் சொல்லி முடிச்சையும் அவிழ்த்தால், இன்னும் படிக்காதவர் என்னைச் சபிப்பார், அந்தச் சாபத்தில் நியாயமும் இருக்கும். ஆகவே பெயர்கள் இல்லாமல் கதையை மட்டும் சொல்கிறேன்.

கதாநாயகி ஓய்வுபெற்ற தடயவியல் மருத்துவர். கறாரானவர், எளிதில் சிரிக்காதவர், மனிதர்களைவிடக் காயங்களை நன்றாகப் படிக்கத் தெரிந்தவர். ஒவ்வொரு புத்தகத்திலும் விசாரணை முட்டுச்சந்தில் போய் நிற்கும்போது அவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார். அங்கே ஒரு கிழவர் இருக்கிறார். கிழிந்த பழைய புத்தகங்களைப் பிரித்துத் தைத்துச் செப்பனிடுவது அவர் தொழில். மருத்துவர் வழக்கை முதலிலிருந்து சொல்வார், கிழவர் தலைநிமிராமல் தைத்துக்கொண்டே கேட்பார். எல்லாம் சொல்லி முடித்த பிறகு ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்வியில் முடிச்சு தளர்ந்துவிடும். எங்கள் பேச்சில் இதற்கு 'ஊசி அத்தியாயம்' என்று பெயர். கொலையாளி யார் என்பதை மறந்துவிட்ட புத்தகங்களில்கூட ஊசி அத்தியாயம் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது.

பன்னிரண்டாம் புத்தகத்தில் அவர் ஊசியைக் கீழே வைப்பதில்லை. மருத்துவர் பேசி முடிக்கிறார், கிழவர் தைத்துக்கொண்டே இருக்கிறார், கேள்வி வரவில்லை. மருத்துவர் வெறுங்கையோடு எழுந்து வருகிறார். அடுத்த எழுபது பக்கங்களில் நமக்குத் தெரியவருவது இது: நான்காம் புத்தகத்தில் கிழவர் கேட்ட கேள்வி, உண்மையை நோக்கித் திருப்பிய கேள்வி அல்ல, மருத்துவரை வேண்டுமென்றே வேறு பக்கம் அனுப்பிய கேள்வி. அந்தப் புத்தகத்தின் முடிவில் சிறைக்குப் போனவன் குற்றமற்றவன். கிழவர் ஒருவரைக் காப்பாற்றியிருக்கிறார். யாரை, எதற்காக என்பதையாவது நான் சொல்லாமல் விடுகிறேன்.

புத்தகத்தைப் புகழ்பவர்களின் வாதம் தொழில்நுட்பரீதியாக வலுவானது என்றே நினைக்கிறேன். எந்தத் துப்பறியும் தொடரும் ஐந்தாறு பாகங்களைத் தாண்டியதும் ஒரு நோய்க்கு ஆளாகிறது. நிரந்தரப் பாத்திரங்களுக்கு ஒரு காப்புறுதி கிடைத்துவிடுகிறது: அவர்கள் சாகமாட்டார்கள், குற்றவாளியாகவும் மாட்டார்கள், ஏனென்றால் அடுத்த பாகத்துக்கு அவர்கள் வேண்டும். ஆகவே சந்தேகம் முழுவதும் அந்தப் பாகத்தில் புதிதாக வந்தவர்கள் மேல் மட்டுமே விழ முடியும். ஆறு புதியவர்கள் வந்தால் விடை அந்த ஆறில் ஒன்று. அவர்களிலும் யாருக்குத் தேவைக்கு அதிகமாக வசனம் இருக்கிறது என்று கவனித்தால் போதும், மூளைக்கு வேலையே இல்லை. அக்காவின் ஏழு சரியான சீட்டுகளில் குறைந்தது மூன்று இப்படிக் கண்டுபிடிக்கப்பட்டவை என்பதை அவளே ஒப்புக்கொள்வாள். இந்தக் காப்புறுதியை உடைக்காமல் வாசகரை இனி ஏமாற்ற வழியில்லை என்ற இடத்துக்கு ஆசிரியர் வந்துவிட்டார், துணிந்து உடைத்தார், அரைத்த மாவையே அரைக்கவில்லை என்பது அவர்கள் கட்சி.

இதை முதன்முதலில் செய்தவரும் இவர் அல்ல. 1934 இல் தொடங்கி 1975 வரை நீண்ட ஓர் அமெரிக்கத் துப்பறியும் வரிசையின் கடைசி நாவல், பல பாகங்களில் வாசகர் பார்த்துப் பழகிய ஒருவர் மேலேயே பழியைக் கொண்டுபோய் வைத்தது. அது வெளிவந்தபோது ஆசிரியருக்கு 88 வயது. அதே ஆண்டு அவர் காலமானார். பெயரை இங்கேயும் மறைக்கிறேன். இவ்வளவு தடயங்கள் கொடுத்த பிறகும் கண்டுபிடிக்காத துப்பறியும் வாசகர் இருந்தால் அவர் குற்றக்கதைகளை விட்டுவிட்டு வேறு எதையாவது படிக்கலாம்.

எதிர்த்தரப்பை, 'மாற்றத்தை ஏற்காதவர்கள்' என்று ஒதுக்குவது எளிது. அது சோம்பேறித்தனமான தீர்ப்பு. அவர்களுடைய கோபத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வம்சாவளி உண்டு. ஆர்தர் கோனன் டாயில் 1893 டிசம்பரில் ஷெர்லாக் ஹோம்ஸை ஸ்விட்சர்லாந்து அருவி ஒன்றில் தள்ளிக் கதையை முடித்தபோது, வாசகர்கள் அந்தக் கதைகளை வெளியிட்டுவந்த ஸ்ட்ராண்ட் இதழின் சந்தாவை நிறுத்தினார்கள். ஒரு பெண்மணி அவருக்கு எழுதிய கடிதம் 'மிருகமே' என்ற விளியோடு தொடங்கியதாக அவரே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அவரைப் பெற்ற தாயே இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஹோம்ஸைக் கொல்லாதே என்று தடுத்திருந்தார். 1901 இல், அருவிச் சம்பவத்துக்கு முந்தைய வழக்கு என்ற பெயரில் ஒரு நாவலை எழுதினார். 1903 இல் வேறு வழியின்றி ஹோம்ஸை உயிரோடு திரும்பவும் கொண்டுவந்தார்.

பொதுவாக இந்தக் கதையை இத்தோடு நிறுத்திவிடுவார்கள்: வாசகர் கேட்டார், கிடைத்தது, சுபம். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. கார்ன்வால் பகுதிப் படகோட்டி ஒருவர் தன்னிடம் சொன்னதாக டாயில் பதிவு செய்திருக்கிறார்: அந்தப் பாறையிலிருந்து விழுந்தபோது ஹோம்ஸ் செத்துப்போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் அதற்குப் பிறகு அவர் பழைய ஆளாகவே இல்லை என்பது அவர் கருத்து. கொன்றதற்குத் திட்டியவர்களும் வாசகர்கள்தான், திரும்பி வந்தவரை முறைத்துப் பார்த்தவர்களும் வாசகர்கள்தான். அந்தப் படகோட்டியை நான் விமர்சகர் என்றே மதிக்கிறேன். ஒரு தொடரில் இடைவெளி விழுந்து மீண்டும் தொடங்கும்போது ஏற்படும் நூலிழை மாற்றத்தை அவர் பிடித்துவிட்டார்.

அகதா கிறிஸ்டியின் சிக்கல் வேறு மாதிரியானது. 1920 இல் வெளிவந்த முதல் நாவலிலேயே அவருடைய துப்பறிவாளர் பொய்ரோ பணி ஓய்வு பெற்றவர்; அவருடைய கடைசி வழக்கு அச்சில் வந்தது 1975 இல். கணக்குப் பார்த்தால் அவருக்கு நூறு வயது தாண்டியிருக்க வேண்டும், அவரை அவ்வளவு வயதானவராகத் தொடங்கியது தவறு என்று கிறிஸ்டியே ஒப்புக்கொண்டார். ஆனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே அந்தக் கடைசி நாவலை எழுதி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் வெளியிடாமல் வைத்திருந்தார் என்பதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது: முடிவைக் கைவசம் வைத்துக்கொண்டு நடுப்பகுதியை நீட்டிக்கொண்டே போவது. அது வெளிவருவதற்குச் சற்று முன்பு, 1975 ஆகஸ்ட் 6 அன்று, நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் பொய்ரோவுக்கு முதல் பக்கத்தில் இரங்கல் செய்தி போட்டது. இல்லாத ஒருவருக்கு அப்படியொரு மரியாதை கிடைக்கிறதென்றால், வாசகர் அவரைக் கதாபாத்திரமாக மட்டுமே நடத்தவில்லை என்றுதானே பொருள்.

நம்மிடமும் இது உண்டு. சுஜாதாவின் கணேஷ் முதலில் தனியாகத்தான் வந்தார். வசந்த் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவர். இன்றைக்கு அந்த இரண்டு பெயர்களையும் பிரித்துச் சொல்ல நாக்கு வராது. 'கொலையுதிர் காலம்' நாவலின் முடிவில், நடந்தது பேயா விஞ்ஞானமா என்ற கேள்வியை அவர் இறுக்கி மூடாமல் விட்டதைப் பற்றி இன்னமும் இரண்டு பேர் சந்தித்தால் இரண்டு கட்சி உருவாகிறது. துப்பறியும் கதை என்றால் விடை சொல்லியாக வேண்டும், சொல்லாதது போங்காட்டம் என்று ஒருவர் சொல்வார். விடை சொல்லியிருந்தால் இத்தனை வருடம் கழித்து நாம் பேசிக்கொண்டிருப்போமா என்று மற்றவர் கேட்பார். நான் இரண்டாமவர்.

போங்காட்டம் என்ற சொல்லைத்தான் அக்காவும் பயன்படுத்தினாள். பன்னிரண்டாம் புத்தகத்தை முடித்த இரவில் அவளைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"முடிச்சிட்டேன்க்கா. பிரமாதம்."

"பிரமாதமா? அந்த ஆள் கேக்கற ஒரு கேள்விக்காக எத்தனை ராத்திரி கண்ணு முழிச்சிருப்பேன்டா. இப்ப அந்தப் பதினொண்ணுல எது நெஜம் எது பொய்யின்னு உட்கார்ந்து பொறுக்கணுமாம். போங்காட்டம் ஆடிட்டாங்க."

எனக்கு உடனே எதிர்த்துப் பேச வந்தது. போங்காட்டம் என்றால் தடயத்தை ஒளித்து வைப்பது. இது குறித்த சண்டை இந்த வகை எழுத்தின் பொற்காலத்திலேயே தொடங்கிவிட்டது. கிறிஸ்டியின் 1926 ஆம் வருட நாவல் ஒன்று வாசகரை நியாயமாக ஏமாற்றியதா, அநியாயமாக ஏமாற்றியதா என்று அன்றைக்கே பெரிய விவாதம் நடந்தது. 1929 இல் ரொனால்டு நாக்ஸ் என்ற பாதிரியார், தானும் துப்பறியும் கதை எழுதுபவர், இந்த ஆட்டத்துக்குப் பத்து விதிகள் வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், துப்பறிபவர் கண்டெடுக்கும் தடயம் உடனே வாசகருக்கும் காட்டப்பட வேண்டும் என்பவை அவற்றில் சில. பாதி விளையாட்டாக எழுதப்பட்டவை என்றாலும், நேர்மை என்றால் என்ன என்று துப்பறியும் வாசகர் மனதில் வைத்திருப்பது ஏறக்குறைய அந்த விதிகளைத்தான். ஆனால் அந்தப் பத்தும் ஒரு புத்தகத்தின் இரண்டு அட்டைகளுக்குள் நடக்கும் ஆட்டத்துக்கானவை. ஒரு பாகத்தில் தடயத்தைப் போட்டுவிட்டு, எட்டுப் பாகங்கள் தள்ளி அதைக் கையில் எடுத்தால் அது நேர்மையா என்று அவை சொல்வதில்லை.

ஆகவே நான் நான்காம் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பத்து வருடங்களுக்கு முன்பு வாங்கிய பிரதி. முதுகு வெடித்து, நடுவில் ஒரு கட்டுப் பக்கங்கள் கழன்று வருகின்றன. ஊசி அத்தியாயத்துக்குப் போனேன். மருத்துவர் வழக்கைச் சொல்கிறார். இறந்தவருக்கு வந்த கடிதத்தைப் பற்றிச் சொல்கிறார். கிழவர் ஊசியைக் கீழே வைக்கிறார், கேட்கிறார்: அந்தக் கடிதம் மாலையில் வந்தபோது வாசல் கதவைத் திறந்தது யார்?

மருத்துவர் கடிதம் வந்த நேரத்தைச் சொல்லவே இல்லை. அந்த அத்தியாயம் முழுவதையும் மூன்று முறை படித்தேன். காலை, மாலை என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. கிழவருக்கு அது தெரிந்திருக்க ஒரே வழிதான் உண்டு. நான் துள்ளிக் குதிக்கப் போனேன், அப்போதுதான் அந்த வரிக்கு நேராக ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்ததைப் பார்த்தேன். அக்காவின் கையெழுத்து, சாய்ந்த எழுத்து, கிட்டத்தட்ட அழிந்துபோன நிலையில்: 'இவருக்கு எப்படித் தெரியும்?'

பத்து வருடங்களுக்கு முன்பே அவள் பிடித்திருக்கிறாள். நான் அந்தக் குறிப்பைக் கடந்துதான் அன்றைக்கு அந்தப் பக்கத்தைப் படித்திருக்க வேண்டும்; எனக்கு எதுவும் உறைக்கவில்லை. மறுநாளே அவளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். இது தடயமல்லாமல் வேறு என்ன, கண்ணெதிரே போட்டு வைத்திருக்கிறார்களே என்று கேட்டேன். அவளிடம் பதில் தயாராக இருந்தது.

"அப்பவே யோசிச்சேன். ஆசிரியருக்குக் கை தவறிடுச்சுன்னு விட்டுட்டேன். இப்பவும் அதான் சொல்றேன். அது தடயம் இல்லடா, தப்பு. யாரோ கடிதம் போட்டுச் சுட்டிக் காட்டியிருப்பாங்க, எட்டு புத்தகம் கழிச்சு அந்தத் தப்புக்கு ஒரு பட்டுச் சட்டை போட்டு மேடையேத்திட்டாங்க."

இதற்கு என்னிடம் பதில் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான்காம் புத்தகத்தை எழுதும்போதே பன்னிரண்டாவது ஆசிரியர் மனதில் இருந்ததா, அல்லது பழைய புத்தகத்தில் கிடந்த ஓட்டையைப் பார்த்து அதற்குள்ளிருந்து ஒரு கதையை உருவினாரா என்பதைப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு தீர்மானிக்க முடியாது. எனக்கு இரண்டாவது சாத்தியம்தான் இன்னும் அழகாகப் படுகிறது. தான் செய்த பிழையைத் தன் பாத்திரத்தின் பாவமாக மாற்றத் தெரிந்தவர் சாதாரண எழுத்தாளர் அல்ல. அக்காவுக்கு அது பித்தலாட்டம்.

இத்தனைக்கும் நான் இந்தப் புத்தகத்தைக் குறையில்லாதது என்று சொல்ல வரவில்லை. முதல் நூறு பக்கங்கள் கழுத்தறுப்பு. மருத்துவரின் அண்ணன் மகள் ஒருத்தி வந்து தங்குகிறாள், ஏன் வந்தாள் என்று கடைசிவரை தெரியவில்லை. உண்மை வெளிப்படுவது ஒரு பழைய புத்தகத்தின் தையலுக்குள் மறைத்து வைத்த காகிதத்தால். அதைக் கிழவர் பத்து வருடமாக எரிக்காமல் வைத்திருந்தார் என்பது காதில் பூச் சுற்றுகிற வேலை. இவற்றை அக்காவும் சொல்கிறாள், மற்றவர்களும் சொல்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். புத்தகத்தை வெறுப்பவர்கள் யாரும் இந்தக் குறைகளுக்காக வெறுக்கவில்லை; வெறுத்த பிறகு இவற்றைத் தேடி எடுத்துக்கொள்கிறார்கள். இதைவிட மோசமான ஓட்டைகளோடு வந்த ஏழாம் புத்தகத்தை எல்லோரும் சிரித்துக்கொண்டே மன்னித்தோம், ஏனென்றால் அதில் ஊசி அத்தியாயம் அருமையாக இருந்தது.

சண்டை பன்னிரண்டாம் புத்தகத்தைப் பற்றியதே அல்ல என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. பழைய பதினொன்றைப் பற்றியது. நான் ஒரு புத்தகத்தை ஒரு முறை படிப்பவன். விடை தெரிந்துவிட்டால் எனக்கு அதில் வேலை இல்லை, அடுத்ததுக்குக் காத்திருப்பேன். அக்கா திரும்பத் திரும்பப் படிப்பவள். உடம்புக்கு முடியாமல் கிடந்த நாட்களில், வேலையை இழந்த வருடத்தில், அவள் இந்தத் தொடரை முதலிலிருந்து படித்தாள். விடை தெரிந்த புத்தகத்தை ஒருவர் ஐந்தாம் முறை படிக்கும்போது விடைக்காகப் படிப்பதில்லை. அந்தப் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்திருப்பதற்காகப் படிக்கிறார். எனக்குப் புதிய பாகம் ஒரு புதிய புதிர். அவளுக்கோ, தான் குடியிருக்கும் வீட்டுக்குள் யாரோ நுழைந்து சுவரை இடித்துவிட்டுப் போன மாதிரி. என்னைப் போன்றவர்கள் புத்தகத்தைப் புகழ்கிறோம், அவளைப் போன்றவர்கள் திட்டுகிறார்கள். விதிவிலக்குகள் இருக்கலாம், நான் பேசிப் பார்த்த அளவில் கோடு இங்கேதான் விழுகிறது. ஒன்பதாம் பாகத்தில் வந்து சேர்ந்து, நான்காவதைப் படிக்காமலே பன்னிரண்டுக்கு வந்தவர்கள்கூட இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்தச் சுவரும் இல்லை, இடிக்கவும் எதுவும் இல்லை. என்ன இவ்வளவு சத்தம் என்று பார்க்கிறார்கள்.

போன வாரம் அக்கா வந்திருந்தாள். சண்டை ஓய்ந்திருந்ததால், வழக்கப்படி சீட்டுகளைப் பிரிக்கலாம் என்று பின்னட்டையைத் திறந்தேன். என் சீட்டில் மருத்துவரின் அண்ணன் மகள் பெயர் இருந்தது; பக்கம் 61 என்று பெருமையாக எழுதியிருந்தேன். அக்காவின் சீட்டு வெறுமையாக இருந்தது. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

"என்னக்கா, உனக்கே யாருன்னு பிடிபடலையா?"

"பிடிபட்டுது. ஊசியைக் கீழ வைக்காதப்பவே பிடிபட்டுது." கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். "எழுத மனசு வரல."

அதற்கு மேல் நாங்கள் அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை. அவள் கிளம்பும்போது நான்காம் புத்தகத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். கழன்ற பக்கங்களை ஒட்டித் தருவதாகச் சொன்னாள். நேற்று திரும்பி வந்தது. முதுகுக்குப் புதுத் துணி ஒட்டி, கழன்ற கட்டை நூலால் தைத்திருக்கிறாள், தையல் கொஞ்சம் கோணல். ஊசி அத்தியாயத்தைத் திறந்தேன். பழைய பென்சில் குறிப்பு அப்படியே இருக்கிறது. அதன் கீழே அதே சாய்ந்த எழுத்தில், புதிய பென்சிலால்: 'மாலையில்தான் வந்தது.'